ஒன்றும் தெரியாத பாப்பா யார்?

கேள்வி: ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தை எங்கள் கல்லூரியில் மேடையேற்றுகிறோம். சூனியக்காரிகள் என்று ஊர்ப் பெண்கள்மேல் பழி போடும் அபிகெயில் வேஷம் எனக்கு. அப்பாவிபோல் நடித்துக்கொண்டே, பார்வையாளர் பக்கம் திரும்பும்போது மட்டும் கள்ளச் சிரிப்பு சிரிக்கச் சொல்கிறார் இயக்குநர். ஒரு பெண்ணின் பொய்யை நம்பி நீதிபதிகள் ஏமாந்த கதைதானே இது?
– ஒரு கல்லூரி மாணவி

பதில்: சிரிக்காதீர்கள். நீங்கள் சிரித்த அந்த நிமிடமே நீதிபதி டான்ஃபோர்த் தப்பித்துவிடுவார். 'பாவம், நல்ல மனுஷன், ஒரு கள்ளி ஏமாற்றிவிட்டாள்' என்று பேசிக்கொண்டே கூட்டம் கலையும்.

ஏமாந்தாராமா? மூன்றாம் அங்கத்தை இன்னொரு தரம் படியுங்கள். அபிகெயிலைப் பற்றிச் சந்தேகம் எழுந்ததும் டான்ஃபோர்த் அவளிடம் கேள்வி கேட்கிறார். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. 'உங்கள் புத்தியையும் நரகம் திருப்பிவிடும், ஜாக்கிரதை' என்கிற பாணியில் அவரையே மிரட்டுகிறாள். நீதிபதியும் துணை ஆளுநருமான ஒருவரைப் பார்த்து ஒரு வேலைக்காரப் பெண் பேசுகிற பேச்சா அது? வேறு எவள் பேசியிருந்தாலும் அடுத்த நிமிடம் சிறையில் கிடந்திருப்பாள். இவர் விழுங்கிக்கொள்கிறார். அதே அங்கத்தில், அபிகெயிலோடு சேர்ந்து பழி சொன்ன பெண்களில் ஒருத்தியான மேரி வாரன், 'நாங்கள் மயங்கி விழுந்ததெல்லாம் பாசாங்கு' என்று உண்மையைச் சொல்ல வருகிறாள். 'சரி, இப்போது மயங்கிக் காட்டு' என்கிறார்கள். அவளால் முடியவில்லை. உடனே அவள் பேச்சின்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது! விழுகிறவள் சொல்வது சாட்சியம், நிற்கிறவள் சொல்வது பொய்.

நான்காம் அங்கம் இன்னும் மோசம். அபிகெயில் மாமா பாரிஸின் பெட்டியிலிருந்து 31 பவுண்டைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள். அது டான்ஃபோர்த் காதுக்கே வந்துவிடுகிறது. முக்கிய சாட்சி திருடி, தலைமறைவு. மிச்சமிருப்பவர்களின் தூக்கைத் தள்ளிப்போடலாமே? மாட்டார். ஏற்கெனவே 12 பேரைத் தூக்கிலிட்டாயிற்று, அதே குற்றத்துக்கு இவர்களை மட்டும் மன்னித்தால் நியாயமாகுமா என்கிறார். ஒன்றும் தெரியாத பாப்பா போட்டாளாம் தாப்பா என்பது இவருக்குத்தான் பொருந்தும்.

மில்லர் இதை மிகைப்படுத்தினார் என்று நினைத்துவிடாதீர்கள். 1692-இல் மாசசூசெட்ஸின் சேலத்தில் நடந்தது இதைவிடக் கேவலம். சாரா குட் என்ற ஏழைப் பெண்ணின் வழக்கில், பாதிக்கப்பட்டதாகச் சொன்ன பெண் ஒருத்தி, சாராவின் ஆவி தன்னைக் கத்தியால் குத்தியது, கத்தியும் உடைந்தது என்று அலறினாள். அவளிடம் உடைந்த அலகுத் துண்டும் இருந்தது. அப்போது ஓர் இளைஞன் கைப்பிடியோடு மீதிக் கத்தியைக் கொண்டுவந்து காட்டினான். நேற்று உடைந்தது என் கத்தி, அந்தத் துண்டை நான் வீசும்போது இவளும் அங்கேதான் இருந்தாள் என்றான். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? பொய் சொல்லாதே என்று அவளுக்கு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மற்ற வழக்குகளில் அதே பெண்ணைத் தொடர்ந்து சாட்சியாக வைத்துக்கொண்டது. ராபர்ட் கேலஃப் என்ற பாஸ்டன் வணிகர் 1700-இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். சாரா குட் ஜூலை 19 அன்று தூக்கிலிடப்பட்டார்.

மொத்தம் 19 பேர் தூக்கில் செத்தார்கள். நீதிமன்ற விசாரணைக்கு உட்பட மறுத்த கிழவர் கைல்ஸ் கோரியை, மேலே கல் அடுக்கியே கொன்றார்கள். 'ஆமாம், நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டு, கடைசிவரை அதை மாற்றாதவர்களில் ஒருவர்கூடத் தூக்கில் தொங்கவில்லை. பொய் சொன்னால் உயிர், உண்மை சொன்னால் கயிறு. சிறுமிகளா இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள்?

மில்லர்மேல் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. நிஜ அபிகெயிலுக்கு வயது 11 அல்லது 12. நாடகத்தின் நாயகனான ஜான் ப்ராக்டர் நிஜத்தில் அறுபதை எட்டியவர். நாடகத்துக்காக அவளுக்கு 17 ஆக்கி, ப்ராக்டரை முப்பதுகளுக்கு இறக்கி, இருவருக்கும் கள்ள உறவைச் சேர்த்தார். மேடைக்கு விறுவிறுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 'ஏமாற்றப்பட்ட பெண்ணின் வஞ்சம்' என்ற சுலபமான விளக்கம் அங்கேதான் முளைக்கிறது. உங்கள் இயக்குநர் பிடித்துக்கொண்டதும் அதைத்தான்.

அப்புறம், நிஜத்தில் மன்னிப்புக் கேட்டவர்கள் யார்? பழி சுமத்திய சிறுமிகளில் ஒருத்தியான ஆன் பட்னம் 1706-இல் தேவாலயத்தில் கேட்டாள். அதிலும் சாத்தானின் மயக்கத்தில் நடந்தது, எனக்கு யார்மேலும் பகையில்லை என்றாள், அரை மன்னிப்பு. நீதிபதி சாமுவேல் சூவல் 1697-லேயே சபை நடுவில் எழுந்து நின்று பழியை ஏற்றார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

ஆகவே நீங்கள் மேடையில் முழுக்க நம்பியே கத்துங்கள். மூன்றாம் அங்கத்தில் அபிகெயில் பார்த்ததாக அலறும் அந்த மஞ்சள் பறவை, உத்தரத்தில் உங்களுக்கு நிஜமாகவே தெரியட்டும். நடிக்க வேண்டியவர் டான்ஃபோர்த் வேஷக்காரர். 31 பவுண்டுச் செய்தி காதில் விழுந்ததும் அவர் ஒரு நொடி தடுமாறி, முகத்தைச் சரிசெய்துகொள்வதைக் கடைசி வரிசைக்காரனும் பார்க்க வேண்டும். ஒத்திகைக்கு நாள் போதவில்லை என்று இயக்குநர் கத்தரியை எடுத்தால், நான்காம் அங்கத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.