கட்டியது நிற்கிறது, பணம்தான் வரவில்லை

கேள்வி: இடுக்கி அணை, மும்பை பாந்த்ரா–வொர்லி கடல் பாலம் எல்லாம் கட்டிய ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி கடனில் சிக்கியது எப்படி? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வால்சந்த் ஹீராசந்த் 1926-இல் தொடங்கிய நிறுவனம் அது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கூடங்குளம் முதல் இரண்டு அணு உலைகளின் கட்டுமானத்திலும் அதன் கை உண்டு. தொழிலில் குறை சொல்ல மாட்டேன்.

எல்லோரும் லவாசாவைக் காட்டுவார்கள். இந்த நிறுவனம் புனே அருகே கட்டிய மலைநகரம் அது. 2010-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தச் சொன்னது, 2018-இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. பெரிய அடிதான். ஆனால் சைட்டில் பில் போட்டுப் பழகிய எனக்கு இன்னொரு காரணம்தான் முதலில் தெரிகிறது. டெண்டரில் சொன்ன பாறை ஒன்று, சுரங்கத்துக்குள் வருவது வேறொன்று. நிலம் கைக்கு வரத் தாமதமானால் கிரேன் சும்மா நிற்கும், வாடகை நிற்காது. கூடுதல் செலவைக் கேட்டால், செய்த வேலையை அளந்து பதியும் எம்-புக்கில் கையெழுத்து விழாது. தகராறைத் தீர்க்க வைத்த நடுவரின் தீர்ப்பில் ஜெயித்தாலும் அரசுத் துறை கோர்ட்டுக்குப் போகும். வங்கி வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

2016-இல் மத்திய அரசு, ஒப்பந்ததாரர் வங்கி உத்தரவாதம் தந்தால், கோர்ட்டில் இழுபடும் நடுவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைத் துறைகள் கொடுக்கலாம் என்றது. 2019-இல் இதே நிறுவனம் தொடுத்த வழக்கில், நடுவர் தீர்ப்பை எதிர்த்து மனு போட்டாலே பணம் தானாக நின்றுபோக வழிசெய்த சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நியாயமான தீர்ப்பு, ரொம்பத் தாமதமாக வந்தது. மேலே பணம் நின்றால் அடுத்து நிற்பது சப்-கான்ட்ராக்டர் பில், அப்புறம் கம்பி கட்டுகிறவரின் வாரக்கூலி.