கொழும்பில் முள்ளில்லாத பிளாக்பெரி காய்க்குமா?

கேள்வி: டொரண்டோவில் அக்கா வீட்டு வேலியில் முள்ளே இல்லாத பிளாக்பெரி கொத்துக்கொத்தாகக் காய்க்கிறது. டிசம்பரில் வரும்போது ஒரு கன்று கொண்டுவரவா என்று கேட்கிறார். எங்கள் பின்முற்றத்தில் வைத்தால் காய்க்குமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: கன்று பிழைக்கும், தழைக்கவும் செய்யும். ஆனால் அக்கா வீட்டில் காய்ப்பதுபோல் இங்கே காய்க்காது. முள் இருப்பதோ இல்லாததோ இதற்குக் காரணமில்லை. அந்தச் செடிக்குக் குளிர் வேண்டும்.

குளிர்நாடுகளில் பலரும் வைக்கும் செஸ்டர், டிரிப்பிள் கிரவுன், நவாஹோ போன்ற வகைகளில் இந்த வருடம் முளைக்கும் தண்டு இலை மட்டும்தான் விடும். பனிக்காலம் முழுக்க உறங்கி, அடுத்த வருடம் பூத்துக் காய்த்துவிட்டுக் காய்ந்துபோகும். அந்த உறக்கம்தான் மொட்டை எழுப்புகிறது. நவாஹோவுக்கு 7 பாகை செல்சியசுக்குக் கீழே சுமார் 800 மணித்தியாலக் குளிர் தேவை. கொழும்பில் ஜனவரி விடியற்காலையில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றி, வெறும் பச்சைக் கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த ஏமாற்றம் உங்களுக்கு வேண்டாம்.

ஆசை விடவில்லை என்றால் ஒரு வழி உண்டு. ஆர்கன்சா பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட பிரைம்-ஆர்க் ஃப்ரீடம் என்ற முள்ளில்லாத வகை, முளைத்த வருடத்துத் தண்டிலேயே பூக்கும், குளிருக்குக் காத்திருக்காது. ஆனால் பூக்கும் நேரத்தில் வெயில் 30 பாகையைத் தொட்டால் காய் சரியாகப் பிடிக்காது. கொழும்புப் பகல் அநேகமாக அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ சொந்தக்காரர் இருந்தால் அங்கே வைக்கச் சொல்லுங்கள். பழம் கறுத்த உடனே பறிக்கக்கூடாது. மினுமினுப்பு மங்கி, தொட்டதும் கையோடு வரவேண்டும். அதற்கு முன் பறித்தால் புளிக்கும்.

கன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது கட்டாயம் வேண்டாம். இறக்குமதி அனுமதியும் அங்கிருந்து வாங்கிய தாவரச் சுகாதாரச் சான்றிதழும் தேவை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. வேரிலும் மண்ணிலும் ஒட்டிவரும் நோய் மலையகத் தோட்டங்களுக்குப் போனால் திருப்பி அனுப்ப முடியாது.

உங்கள் முற்றத்துக்கு நான் மனதாரச் சொல்வது மல்பெரி. பிளாக்பெரிக்கு உறவில்லை, ஆனால் பழம் பார்க்க அதே கறுப்பு. முள்ளும் கிடையாது, கொழும்பு வெக்கையில் நன்றாகக் காய்க்கும். நல்ல மரம் உள்ள வீட்டில் பென்சில் மொத்தத்தில், மூன்று நான்கு கணு உள்ள தடி ஒன்றை வாங்கி, தும்புச்சோறும் மணலும் கலந்த சாடியில் நிழலில் ஊன்றுங்கள். வேர்விட்டுத் தழைத்ததும் வெயில் நன்றாக விழும் இடத்தில், நீர் தேங்காத மேட்டில் நடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் வேர் ஊறினால் செடி சோர்ந்துவிடும்.

காய்ப்பு நின்றதும் கிளைகளை அரைவாசிக்கு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் புதுத் துளிரோடு சேர்ந்தே பிஞ்சும் வரும். ஆளுயரத்துக்கு மேல் விடாதீர்கள், வலை போட வசதியாக இருக்கும். வலை இல்லாவிட்டால் கொண்டைக்குருவியும் அணிலும் உங்களுக்கு முன்னே எழும்பிவிடும். உடுப்புக் காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் மட்டும் நடாதீர்கள், அந்தச் சாறு துணியில் பட்டால் போகாது.