சிறிய நாடு ஒன்று போர்க்காலத்தில் தன் தற்காப்புப் படையின் டிவிஷன்களை எப்படி அமைத்துக்கொண்டது? பின்லாந்தின் அனுபவம்

ஆள்பலமும் பணபலமும் இல்லாத ஒரு சிறிய நாடு, பெரிய நாடு ஒன்று படையெடுத்து வரும்போது, முழு அளவிலான டிவிஷன்களை (பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட பெரிய படைப்பிரிவுகளை) எங்கிருந்து, எவ்வளவு விரைவாகத் திரட்ட முடியும் என்பதே கேள்வி. நான் விரிவாகப் படித்த நாடு பின்லாந்து. வேலை நிமித்தம் சில ஆண்டுகள் தாம்பெரே நகரில் வசித்ததால், படித்தவற்றில் சிலவற்றை அந்த ஊர்களிலேயே சென்று பார்க்கவும் முடிந்தது. ஆகவே சோவியத் யூனியன் பின்லாந்தின் மீது படையெடுத்த 1939-40 குளிர்காலப் போரை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

அன்றைய பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 37 லட்சம். சமாதான காலத்தில் அந்நாட்டிடம் இருந்தவை மூன்று டிவிஷன்களும் ஒரு குதிரைப்படைப் பிரிகேடும் மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலோர் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த இளைஞர்கள். போர் வந்தால் பயிற்சி முடித்து வீடு திரும்பியவர்களை மீண்டும் அழைத்துத்தான் படையைப் பெருக்க வேண்டும். 1930களின் தொடக்கம் வரை இருந்த ஏற்பாட்டின்படி, அப்படி அழைக்கப்படுபவர் சமாதான காலப் படைப்பிரிவு இருக்கும் முகாமுக்குச் சென்று சேர வேண்டும். அந்தப் பிரிவே பெருகிப் போர்க்காலப் படையாகும். நாடு நீளமானது, ரயில் பாதைகள் குறைவு, எல்லையோ சோவியத் நகரமான லெனின்கிராடுக்கு வெகு அருகில். எல்லையைக் காக்க வேண்டிய படையே திரட்டும் வேலையில் சிக்கிக்கொண்டால் முதல் வாரத்திலேயே, பின்லாந்து வளைகுடாவுக்கும் லடோகா ஏரிக்கும் இடையிலான காரேலியப் பூசந்தி கைவிட்டுப் போய்விடும் என்பது ராணுவத் தலைமைக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு மாற்றாக 1934-இல் பிரதேச முறை நடைமுறைக்கு வந்தது. நாடு ஒன்பது ராணுவ மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு மாகாணமும் சில ராணுவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஒரு மாகாணம் ஒரு டிவிஷனைத் தர வேண்டும். அதற்கான ரெஜிமெண்டுகளையும், அவற்றின் உட்பிரிவுகளான பட்டாலியன்களையும் மாவட்டங்கள் திரட்ட வேண்டும். துப்பாக்கி, வெடிமருந்து, உடுப்பு, சமையல் வண்டி, சேணம் என எல்லாவற்றையும் அந்தந்தப் பகுதியிலேயே கிடங்குகளில் இருப்பு வைத்தார்கள். ஆள் தன் ஊருக்கு அருகிலுள்ள பள்ளிக்கூடத்திலோ பொது மண்டபத்திலோ வந்து நின்றால் போதும், அவனுடைய கம்பெனி (பட்டாலியனின் உட்பிரிவு) அங்கேயே உருவாகிவிடும். சமாதான காலப் படையோ இந்த வேலையில் ஈடுபடாமல், எல்லையில் நின்று மற்றவர்கள் திரளும்வரை நேரம் ஈட்டித் தரும் காப்புப் படையாக மாறும். என் கணிப்பில் இந்த முறையின் உயிர்நாடி இந்தப் பிரிவினைதான்: தடுத்து நிறுத்துபவன் வேறு, திரட்டுபவன் வேறு.

திரட்டும் வேலையைக் கீழ்மட்டத்தில் செய்தது ஊர்க்காவல் படை, பின்னிஷ் மொழியில் சுஓயெலுஸ்குந்தா. இது தொண்டர்களின் அமைப்பு. 1939-இல் இதன் உறுப்பினர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். லௌரி மால்ம்பெரி 1921 முதல் இதன் தலைவர். யார் எந்தப் பண்ணையில் இருக்கிறான், யாருடைய குதிரை வண்டி இழுக்கத் தகுதியானது, எந்தப் பாதை பனியில் அடைபடும் என்பதெல்லாம் தலைநகரில் இருந்த எந்த அதிகாரியையும்விட ஊர்க்காவல் படையின் உள்ளூர்ப் பொறுப்பாளருக்கு நன்றாகத் தெரியும். இதன் துணை அமைப்பாக இயங்கிய லொத்தா ஸ்வார்ட் என்ற பெண்கள் சங்கத்திலும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். சமையல், மருத்துவ உதவி, தொலைபேசி, வான்வழிக் கண்காணிப்பு ஆகிய பணிகளை அவர்கள் ஏற்றதால், அந்த இடங்களில் நிற்க வேண்டிய ஆண்கள் டிவிஷன்களுக்குக் கிடைத்தார்கள்.

1939 அக்டோபரில் மாஸ்கோ பேச்சுவார்த்தைக்குப் பின்லாந்துக்கு அழைப்பு வந்தபோது, அரசு போர்த் திரட்டல் என்று அறிவிக்காமல், 'கூடுதல் பயிற்சி' என்ற பெயரில் ஆட்களை அழைத்தது. முதலில் காப்புப் படைகள் பூசந்திக்கு நகர்ந்தன. அக்டோபர் நடுப்பகுதியில் மற்றவர்களுக்கும் தனித்தனியாக அழைப்பாணைகள் வீடு தேடிச் சென்றன. நவம்பர் 30-ஆம் தேதி காலையில் சோவியத் குண்டுகள் விழத் தொடங்கியபோது, டிவிஷன்கள் ஏற்கெனவே தங்கள் நிலைகளில் பல வாரங்கள் பதுங்குகுழி வெட்டி, ஒன்றாகப் பயிற்சி செய்து, தங்கள் அதிகாரிகளை அறிந்துகொண்டிருந்தன. பிரதேச முறை எவ்வளவு நேர்த்தியாக வகுக்கப்பட்டிருந்தாலும், இந்த அவகாசம் கிடைத்திராவிட்டால் அதன் பலன் பாதியாகக் குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

காகிதத்தில் ஒரு பின்னிஷ் டிவிஷனில் சுமார் 14,200 பேர். மூன்று காலாட்படை ரெஜிமெண்டுகள், 36 பீரங்கிகள் கொண்ட ஒரு பீரங்கி ரெஜிமெண்ட், பொறியாளர், தகவல் தொடர்புப் பிரிவுகள், ஒரு சிறிய இலகு படை. எதிரே வந்த சோவியத் டிவிஷனில் சுமார் 17,500 பேர், இரண்டு பீரங்கி ரெஜிமெண்டுகள், அத்துடன் டாங்கிகள். ஆள் எண்ணிக்கையில் உள்ள இடைவெளி பெரிதாகத் தோன்றாது. ஆயுதத்தில்தான் அது பாதாளம். டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் ஒரு நூறு அளவில்தான் நாடு முழுவதிலும் இருந்தன. இலகு பீரங்கிகளுக்கு மூன்று வாரச் சண்டைக்குத்தான் குண்டுகள் இருந்தன. உடுப்பும் எல்லோருக்கும் போதவில்லை. பலர் சொந்தக் கோட்டும் சொந்த பூட்ஸுமாக வந்து, அரசிடமிருந்து இடைவாரையும் தொப்பியில் குத்திக்கொள்ளும் சின்னத்தையும் துப்பாக்கியையும் மட்டும் பெற்றுக்கொண்டார்கள். பிரதமர் கயாண்டரின் பெயரால் அந்தக் கோலத்தை 'கயாண்டர் மாடல்' என்று சிப்பாய்களே அழைத்தார்கள். பண்ணைக் குதிரைகளும் பனிச்சறுக்கு வண்டிகளும் அதே ஊர்களிலிருந்து வந்தன. காட்டுக்குள் குதிரையைப் பழக்கமாக ஓட்டியவனே போரிலும் ஓட்டினான் என்பதால், சாலையை விட்டு இறங்க முடியாமல் நின்ற சோவியத் அணிகளைச் சுற்றி வளைப்பது அவர்களுக்குச் சாத்தியமாயிற்று.

பிரதேச முறை ராணுவக் கணக்கைத் தாண்டி என்ன செய்தது என்பதைக் காட்ட 16-ஆம் காலாட்படை ரெஜிமெண்ட்டின் கதையைச் சொல்ல வேண்டும். அது தாம்பெரே வட்டாரத்தில் திரட்டப்பட்டது. தாம்பெரே ஆலைத் தொழிலாளர்களின் நகரம். 1918-இல் பின்லாந்தில் நடந்த உள்நாட்டுப் போரில் தொழிலாளர் தரப்பான செஞ்சேனையின் கோட்டையாக இருந்து, ஏப்ரலில் கடும் சண்டைக்குப் பின் அரசுத் தரப்பான வெள்ளைப் படையிடம் வீழ்ந்தது. வெள்ளைப் படையின் தளபதி மன்னர்ஹைம். 1939-இல் முழு நாட்டுப் படைக்கும் தலைமைத் தளபதி அவரே. ரெஜிமெண்ட்டின் தளபதி ஆரோ பயாரி, தாம்பெரேயில் ஊர்க்காவல் படைக்குப் பொறுப்பாக இருந்தவர். 1933-இல் தொழிலாளர் இயக்கத்தினர் ஏற்றியிருந்த செங்கொடிகளைத் தன் ஆட்களுடன் சென்று இறக்கியவர். அந்த நகரின் தொழிலாளர் குடும்பங்கள் அதை மறந்திருக்க முடியாது. 1918-இல் தோற்றவர்களின் பிள்ளைகளை, வென்ற தரப்பின் அதிகாரி ஒருவரின் கீழ், ஒரே வட்டாரத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அந்த முறை கொண்டுவந்து நிறுத்தியது.

டிசம்பர் தொடக்கத்தில் லடோகா ஏரிக்கு வடக்கே நிலைமை மிக மோசமானது. சோவியத் 139-ஆம் டிவிஷன் தோல்வயார்வி என்ற ஊர் வரை முன்னேறிவிட்டது. அங்கிருந்த சிறு படைகள் நாள்தோறும் பின்வாங்கிக் கலங்கிப்போயிருந்தன. கர்னல் பாவோ தல்வெலாவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, பயாரியின் ரெஜிமெண்ட் அங்கு அவசரமாக அனுப்பப்பட்டது. டிசம்பர் 8-ஆம் தேதி இரவு பயாரியே இரண்டு கம்பெனிகளுடன் உறைந்த ஏரியைக் கடந்து, தீ மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்த எதிரிகளை அருகிலிருந்து சுட்டுவிட்டு, இருட்டில் திரும்பினார். இதய நோயாளியான அவருக்கு அந்த இரவு உடல் ஒத்துழைக்கவில்லை; திரும்பும் வழியில் அவரை ஆட்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். டிசம்பர் 12-ஆம் தேதி நடந்த தாக்குதலில், குன்றின் மேல் இருந்த சுற்றுலா விடுதியை அதே ரெஜிமெண்ட் கைப்பற்றியது. அந்தப் போரில் பின்லாந்து தாக்கி வென்ற முதல் பெரிய சண்டை அது. செங்கொடியை இறக்கியவரும் செங்கொடிக்காரர்களின் பிள்ளைகளும் சேர்ந்து பெற்ற வெற்றி என்பதால், தாம்பெரேயில் இன்றும் அதைத் தனி உணர்வோடு பேசுகிறார்கள்.

இந்த முறைக்கு ஒரு கொடூரமான மறுபக்கமும் உண்டு, அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஒரே ஊர் ஆட்கள் ஒரே கம்பெனியில் நின்றால், அந்தக் கம்பெனி மீது பீரங்கித் தாக்குதல் விழும் ஒரு பிற்பகலில் அந்த ஊரே துக்க வீடாகிவிடும். மேற்குப் பின்லாந்தில் தெற்கு போத்னியாவின் கௌஹவா, லாபுவா பக்கத்து ஆட்கள் நிறைந்திருந்த 23-ஆம் ரெஜிமெண்ட் காரேலியப் பூசந்தியின் தைபாலேயிலும், பின்னர் மார்ச்சில் வுஓக்ஸி ஆற்றங்கரையிலும் பட்ட இழப்பு அப்படிப்பட்டது. பிரிட்டன் 1914-இல் நண்பர்களையும் தொழிற்கூடத் தோழர்களையும் ஒரே பட்டாலியனில் சேர்த்து, 1916-இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் அதற்குக் கொடுத்த விலையும் இதே வகைதான். இறந்தவர்களின் உடல்களை இயன்றவரை சொந்த ஊருக்குக் கொண்டுவந்து தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்வது பின்லாந்தின் வழக்கமாக இருந்தது. நான் பார்த்த கிராமத்துக் கல்லறைகளில் ஒரே அளவிலான தாழ்ந்த கற்கள் வரிசையாக நிற்கும். பக்கத்துப் பக்கத்துக் கற்களில் ஒரே குடும்பப் பெயரும் ஒரே தேதியும் வருவதைக் காணும்போது, 'பிரதேச முறை' என்ற நிர்வாகச் சொல் அந்த ஊருக்கு என்ன அர்த்தம் கொண்டது என்பது புரிந்தது. அந்த 105 நாள் போரில் இறந்தவர்கள் சுமார் 25,000 பேர்.

இழப்பை ஈடுகட்டும் பொறுப்பு பின்னணிப் படைகளுடையது. போர்க்காலத்தில் அவற்றுக்குத் தலைமை ஏற்றவர் மால்ம்பெரிதான். பயிற்சி மையங்களிலும் நிரப்புப் பிரிகேடுகளிலும் ஆட்களைத் தயார் செய்து முன்னணிக்கு அனுப்புவதே திட்டம். ஆனால் புதிய டிவிஷன்களுக்கான தேவை அதைவிட அவசரமானதால், அந்த நிரப்புப் பிரிகேடுகளிலிருந்தே 21, 23 என்ற எண்களில் இரண்டு டிவிஷன்கள் உருவாக்கப்பட்டன. இதன் விளைவு பிப்ரவரியில் தெரிந்தது: காரேலியப் பூசந்தியில் 'சும்மா' (Summa) என்ற ஊர்ப் பகுதியில் பாதுகாப்பு அரண் உடைந்தபோது, களைத்துப்போன டிவிஷன்களை மாற்றி ஓய்வு கொடுக்கப் புதிய ஆட்கள் இல்லை. நாட்டின் ஒவ்வொரு மாகாணமும் தன்னிடம் இருந்ததை முதல் தவணையிலேயே கொடுத்துவிட்டது. மற்றொரு சிறு செய்தி: 1940 ஜனவரி 1-இல் எதிரியைக் குழப்புவதற்காகச் சில டிவிஷன்களின் எண்களை மாற்றினார்கள்; 6-ஆவது 3-ஆவதாகவும், 10-ஆவது 7-ஆவதாகவும், 11-ஆவது 2-ஆவதாகவும் ஆயின. இந்தப் போரைப் பற்றிப் படிப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் ஒரே டிவிஷனை இரண்டாக எண்ணிவிடுவார்கள்.

1940 மார்ச் 13-இல் போர் நின்றபோது, வீபுரி நகரம் உட்பட பின்லாந்து வசமிருந்த காரேலியாவின் பெரும்பகுதி சோவியத் வசம் போயிற்று. 4 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இடம்பெயர்ந்து நாடு முழுதும் குடியேறினார்கள். ஆகவே வரைபடத்தில் இருந்த சில ராணுவ மாவட்டங்களுக்கு நிலமே இல்லை. அவற்றின் ஆட்களோ வெவ்வேறு மாவட்டங்களில் சிதறிக் கிடந்தார்கள். எல்லைகளைப் புதிதாக வரைந்து, ஆள் பதிவேடுகளைத் திருத்தி, கிடங்குகளை இடம் மாற்றி, அதே பிரதேச அடிப்படையில்தான் 1941 கோடையில் 16 டிவிஷன்களைத் திரட்டினார்கள். அந்த முறை, 1941-44-இல் சோவியத்துடன் நடந்த அடுத்த போருக்கும் தாக்குப்பிடித்தது. அதைக் கீழ்மட்டத்தில் தாங்கி நின்ற ஊர்க்காவல் படையும் லொத்தா ஸ்வார்ட் சங்கமும், 1944 செப்டம்பரில் ஏற்பட்ட போர் நிறுத்த ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, அதே ஆண்டு நவம்பரில் கலைக்கப்பட்டன.