கீழே நகர்த்தும்போது காணொளித் தளத்தின் ஃபீட் பாதியில் நின்றுவிடுவது ஏன்? எப்படிச் சரிசெய்வது?

கேள்வி கேட்டவரின் சிக்கல் இது: கணினி உலாவியில் ஒரு காணொளித் தளத்தின் முகப்பைத் திறந்து கீழே நகர்த்திக்கொண்டு போகிறார். ஃபீட், அதாவது நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருக்கும் காணொளிப் பட்டியல், ஐந்தாறு வரிசைகள் வரை ஒழுங்காக வருகிறது. அதன் பிறகு சுழலும் வட்டம் மட்டுமோ சாம்பல் நிறக் காலிப் பெட்டிகள் மட்டுமோ நிற்கின்றன. காணொளியைத் தொட்டால் அது தடையின்றி ஓடுகிறது, இணைய வேகத்திலும் குறை இல்லை. பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடியும் அதே ஐந்தாறு வரிசைகள்தான்.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "கேஷை அழியுங்கள், குக்கிகளை அழியுங்கள், உலாவியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள்" என்பது. கேஷ் என்பது உலாவி சேமித்து வைத்திருக்கும் பக்கப் பிரதிகள், குக்கி என்பது தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு அடையாளக் குறிப்பு. சில வேளைகளில் இந்த வைத்தியம் பலிக்கவும் செய்யும். ஆனால் பழுது எங்கே இருந்தது என்று தெரியாமலே பலிப்பதால், அடுத்த வாரம் அதே சிக்கல் திரும்பி வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எதையும் அழிப்பதற்கு முன்னால் இரண்டு நிமிடம் ஒதுக்கி ஒரே ஒரு விஷயத்தை நான் பார்த்துவிடுவேன்: ஃபீட் நின்ற அந்த நொடியில், அடுத்த தொகுதியைக் கேட்டு உலாவியிலிருந்து கோரிக்கை போனதா, போகவில்லையா?

இது ஏன் முக்கியம் என்பது ஃபீட் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். முகப்பு முழுவதும் ஒரே தடவையில் வருவதில்லை. முதல் தொகுதியோடு சேர்த்து சர்வர் ஒரு டோக்கனையும் அனுப்பிவைக்கிறது. இதுவரை கொடுத்தாயிற்று, மேற்கொண்டு வேண்டுமென்றால் இதைக் காட்டிக் கேள் என்பதுதான் அந்த டோக்கனின் பொருள். ஃபீட்டின் அடிமட்டத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். பல தளங்களில் சுழலும் வட்டம் இருப்பதே அந்தப் பெட்டிக்குள்தான். அது திரைக்குள் எட்டிப் பார்க்கிறதா என்பதை உலாவியே கவனித்து, பக்கத்தை இயக்கும் நிரலான ஸ்கிரிப்டுக்குச் சொல்லும். இன்டர்செக்ஷன் அப்சர்வர் எனப்படும் இந்த வசதி குரோமில் 2016-லும், ஃபயர்ஃபாக்ஸில் 2017-லும், சஃபாரியில் 2019-லும் வந்தது. பெட்டி திரைக்குள் நுழைந்ததும் ஸ்கிரிப்ட் டோக்கனைக் காட்டி அடுத்த தொகுதியைக் கேட்கிறது, வந்ததைப் பெட்டிக்கு மேலே அடுக்குகிறது, அதனால் பெட்டி கீழே தள்ளப்பட்டுத் திரையை விட்டு வெளியேறுகிறது, நீங்கள் நகர்த்தியதும் மறுபடி உள்ளே வருகிறது. இந்தச் சங்கிலி மூன்று இடங்களில்தான் அறுபட முடியும்: பக்கம் கேட்கவே இல்லை, அல்லது கேட்டும் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் காட்டவில்லை.

எந்த இடம் என்று பார்ப்பது கடினமல்ல. விண்டோஸ் கணினியில் எஃப் 12 விசையை அழுத்தினால், பக்கத்தின் உள்வேலைகளைக் காட்டும் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். அதில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், பக்கத்தின் ஸ்கிரிப்ட் அனுப்பும் கோரிக்கைகளை மட்டும் காட்டும் ஃபெட்ச்/எக்ஸ்எச்ஆர் என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே உள்ள பட்டியலைத் துடைத்துவிட்டு, மெதுவாகக் கீழே நகர்த்துங்கள். ஃபீட் ஒழுங்காக வரும் வரையில், ஒவ்வொரு தொகுதிக்கும் அதே பெயருடைய ஒரு வரி பட்டியலில் புதிதாக முளைக்கும். இடையிடையே நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று கணக்கெடுக்கும் வரிகளும் ஓடும்; பதிலின் அளவு காட்டும் பத்தியைப் பார்த்தால் பிரித்தறியலாம், தொகுதியைச் சுமந்து வரும் வரி மற்றவற்றைவிடக் கனமாக இருக்கும். டூல்ஸைத் தனிச் சாளரமாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்தோடு ஒட்டி வைத்தால் பக்கத்தின் உயரம் மாறும், அந்த மாற்றத்திலேயே நின்றிருந்த ஃபீட் சில வேளைகளில் தானாக ஓடத் தொடங்கிவிடும், நோயாளி மருத்துவரைக் கண்டதும் எழுந்து உட்காருவதைப் போல. அப்படி நடந்தால் அதையும் ஒரு துப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள்; கோரிக்கையே போகாமல் நிற்கும் வகையைச் சேர்ந்த பழுது அது.

அந்த முதல் வகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னையே சில வாரங்கள் அலைக்கழித்தது அதுதான். நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தளத்தில் இரண்டாவது தொகுதிக்குப் பிறகு எதுவும் வரவில்லை. தளத்தைத் திட்டினேன், ரௌட்டரை அணைத்துப் போட்டேன், கேஷை இரண்டு முறை அழித்தேன். கடைசியில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு நகர்த்தியபோது, பக்கத்தின் அடி வரை போயும் ஒரு வரிகூட முளைக்கவில்லை. பக்கத்தின் அமைப்பைக் காட்டும் எலிமென்ட்ஸ் பகுதியில் ஃபீட்டின் அடிப்பெட்டியைத் தேடினேன். அது இருந்தது, ஆனால் மறைக்கப்பட்டு இருந்தது. மறைத்தது யார் என்று பார்த்தால், நான்தான். கண்ணை உறுத்துகிறதே என்று அந்தச் சுழலும் வட்டத்தை விளம்பரத் தடுப்பானின் தேர்வுக் கருவியால் ஒரு நாள் சுட்டி நீக்கியிருந்தேன். வட்டத்தோடு அதைச் சுமந்த பெட்டியும் போய்விட்டது. மறைக்கப்பட்ட பெட்டிக்குப் பக்கத்தில் இடமே கிடையாது, இடமில்லாதது திரைக்குள் நுழைந்ததாக உலாவி ஒருபோதும் சொல்லாது. தடுப்பானில் அப்போது பதிவாகியிருந்த மறைப்பு விதியை நீக்கிய மறுநொடியே ஃபீட் ஓடியது.

இதே வகையில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ஏற்கெனவே பார்த்த காணொளிகளையோ குறுங்காணொளிகளையோ மறைத்துவிடும் நீட்டிப்புகளை, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களை, பலர் வைத்திருக்கிறார்கள். ஒரு தொகுதியில் வந்தவை அனைத்தும் அந்த வகையைச் சேர்ந்தவையாக இருந்தால் நீட்டிப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும், ஃபீட்டின் உயரம் கூடாது, அடிப்பெட்டி திரையிலேயே நின்றுவிடும். பெட்டி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும்தான் உலாவி செய்தி சொல்லுமே தவிர, உள்ளேயே நிற்கும் பெட்டியைப் பற்றி மறுபடி சொல்லாது. எனவே அடுத்த கோரிக்கை எழாமல் எல்லாம் அப்படியே உறைந்துபோகும். இதற்கு ஒரு எளிய சோதனை: இரண்டு திரை உயரத்துக்கு மேலே போய்விட்டு மீண்டும் கீழே வாருங்கள். உடனே வரிசைகள் வந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

பெரிதாக்கும் அளவையும் இங்கே பார்த்துவிடுங்கள். அப்சர்வரைப் பயன்படுத்தாமல், நகர்ந்த தூரத்தையும் திரையின் உயரத்தையும் கூட்டி அது பக்கத்தின் மொத்த உயரத்துக்குச் சமமா என்று பார்க்கும் பழைய பாணித் தளங்கள் இன்னும் இருக்கின்றன. பக்கத்தை 90 அல்லது 110 விழுக்காட்டில் வைத்திருக்கும்போது நகர்ந்த தூரம் பின்னத்தில் வரும், மொத்த உயரமோ முழு எண்ணாக்கப்பட்டிருக்கும். அரைப் பிக்சல் வித்தியாசத்தில் இரண்டும் சமமாகாமலே போகலாம். கண்ட்ரோல் விசையோடு பூஜ்யத்தை அழுத்தி 100 விழுக்காட்டுக்குத் திரும்பினால் தெரிந்துவிடும். மிக உயரமான திரையில் முதல் தொகுதி திரையை நிரப்பாமல், நகர்த்த இடமே இல்லாமல் போவதும் இதற்கு உறவுதான்.

இரண்டாவது வகை, கோரிக்கை போயும் பதில் வராதது. இதில் நெட்வொர்க் பட்டியலின் நிலைப் (ஸ்டேட்டஸ்) பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பாதி விடை. பிளாக்டு என்று இருந்தால் கோரிக்கை உங்கள் உலாவியை விட்டே வெளியேறவில்லை, ஏதோ ஒரு நீட்டிப்பு வாசலிலேயே மடக்கிவிட்டது. மறைநிலைச் சாளரத்தில், நீங்களாக அனுமதித்தவை தவிர மற்ற நீட்டிப்புகள் ஓடுவதில்லை என்பதால், அங்கே ஃபீட் ஓடுகிறதா என்று பார்ப்பது விரைவான சோதனை. ஆனால் மறைநிலையில் நீங்கள் உள்நுழையாத நிலையில் இருப்பீர்கள், குக்கிகளும் இருக்காது. ஆகவே அங்கே ஓடுகிறது என்பதாலேயே பழி நீட்டிப்பின் மேல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வழக்கமான சாளரத்துக்குத் திரும்பி, நீட்டிப்புகளில் பாதியை அணைத்துப் பார்த்து, பிறகு அதில் பாதி என்று குறைத்துக்கொண்டே வந்தால், பதினாறு நீட்டிப்புகள் இருந்தாலும் நான்கே சுற்றில் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

429 என்ற எண் வந்தால், குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்று சர்வர் சொல்கிறது. வேகமாக நகர்த்துபவர்களைவிட, வேறொரு சர்வர் வழியாக இணையத்துக்குப் போகும் விபிஎன் பயன்படுத்துபவர்களுக்கே இது அதிகம் வரும், ஏனென்றால் அதே ஐபி முகவரியின் (இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்) பின்னால் இன்னும் பலர் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். சில சர்வர்கள் எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதையும் ரிட்ரை ஆஃப்டர் என்ற தலைப்பில் அனுப்பும். இந்த நிலையில் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பது நிலைமையை மோசமாக்கும். 401 அல்லது 403 என்றால் உங்கள் உள்நுழைவு காலாவதியாகியிருக்கலாம் அல்லது ஏற்கப்படாமல் போயிருக்கலாம். நெடுநேரம் திறந்தே கிடந்த தாவலில் இது சகஜம். கணினியின் கடிகாரம் தவறியிருந்தாலும் இப்படிப்பட்ட கோளாறுகள் வரும். குக்கிகளை அழிக்கும் வைத்தியம் உண்மையில் பொருந்துவது இங்கேதான், அதுவும் அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் அழித்தால் போதும். 500-உம் அதற்கு மேற்பட்ட எண்களும் தளத்தின் பக்கத்துக் கோளாறு. காத்திருப்பதைத் தவிர நாம் செய்ய ஒன்றுமில்லை.

எண்ணே வராமல் பெண்டிங் (காத்திருக்கிறது) என்று தொங்கிக்கொண்டிருந்தால் பாதையில் தடை. காணொளிகள் ஓடுகின்றனவே, இணையம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். காணொளியைத் தரும் சர்வரும் பட்டியலைத் தரும் சர்வரும் பெரும்பாலும் வெவ்வேறு. ஒன்று ஓடுவது மற்றொன்றுக்குச் சான்றாகாது. அடிக்கடி பார்ப்பது, உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் புதிய பதிப்பான ஹெச்டிடிபி/3 தொடர்பான சிக்கல். 2022-இல் தரப்படுத்தப்பட்ட இது, குயிக் என்ற நெறிமுறையின் மேல் ஏறி, யுடிபி என்ற தரவு அனுப்பும் முறை வழியே பயணிக்கிறது. சில அலுவலக ஃபயர்வால்கள் (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் காவல் அமைப்புகள்) யுடிபி போக்குவரத்தைப் பாதியில் நெரித்துவிடும். குரோமின் சோதனை அமைப்புகள் அடங்கிய ஃப்ளாக்ஸ் பக்கத்தில் குயிக் நெறிமுறையைத் தற்காலிகமாக அணைத்துப் பார்க்கலாம், அல்லது கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்க்கலாம். பழைய ஹெச்டிடிபி 1.1-இல் இயங்கும் தளமென்றால் வேறொரு காரணமும் உண்டு: உலாவி ஒரே சர்வரோடு ஒரே நேரத்தில் 6 இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. தானாக ஓடும் முன்னோட்டங்களும் மற்றத் தாவல்களும் அந்த ஆறையும் பிடித்துக்கொண்டால், அடுத்த தொகுதிக்கான கோரிக்கை வரிசையில் நிற்கும்.

மூன்றாவது வகை, 200 என்ற எண்ணோடு பதில் முழுதாக வந்தும் திரையில் எதுவும் சேராதது. டூல்ஸின் கன்சோல் பகுதியில் பிழையைக் காட்டும் சிவப்பு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக அதே காணொளிக்குப் பிறகு நிற்கிறது என்றால், அடுத்து வரும் ஏதோ ஒரு பதிவின் விவரம் ஸ்கிரிப்டைத் தடுக்கி விழவைக்கிறது என்று கொள்ளலாம். தளம் தன் ஸ்கிரிப்டைப் புதுப்பித்த பிறகும் உங்கள் உலாவி பழைய பிரதியையே வைத்திருந்தாலும் இப்படி ஆகும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி புதுப்பித்தால் கேஷையும், தளம் உலாவியின் பின்னணியில் ஓடவிடும் சர்வீஸ் ஒர்க்கர் என்ற ஸ்கிரிப்டையும் தாண்டிப் பக்கம் புதிதாக வரும். நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறி, நின்ற பிறகு தாவலே மந்தமாகிவிட்டால் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். குரோமில் ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு தாவலும் எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது என்று தெரியும்.

கைபேசிச் செயலியில் இத்தனை விவரங்களைப் பார்க்க வழியில்லை. டேட்டா சேவரை அணைத்து, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறி, ஆண்ட்ராய்டில் அந்தச் செயலியின் கேஷை மட்டும் அழித்துப் பாருங்கள். அதே கணக்கில் கைபேசி உலாவியில் நுழைந்து பார்த்தால், பழுது கணக்கிலா செயலியிலா என்று தெரிந்துவிடும்.

பழுதே இல்லாத ஒரு நிலையையும் சொல்லிவிடுகிறேன். சில ஃபீட்களுக்கு உண்மையிலேயே முடிவு உண்டு. சந்தா எடுத்த சேனல்களின் பட்டியல் ஓரளவுக்கு மேல் பின்னோக்கிப் போகாமல் இருக்கலாம். யூடியூபில் பார்வை வரலாற்றை அணைத்து வைத்து, முந்தைய வரலாறும் போதிய அளவு இல்லாவிட்டால், 2023 ஆகஸ்ட் முதல் முகப்பில் பரிந்துரைகளே வருவதில்லை. அதைப் பழுது என்று எண்ணி உலாவியை மாற்றியவர்கள் உண்டு.

இவ்வளவும் பார்த்த பிறகு தளத்தாருக்கு எழுத வேண்டியிருந்தால், ஃபீட் லோட் ஆகவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனையாவது தொகுதியில் நின்றது, கோரிக்கை போனதா, நிலை எண் என்ன, கன்சோலில் வந்த சிவப்பு வரி என்ன, உலாவியின் பதிப்பு எது, எத்தனை மணிக்கு நடந்தது என்பவற்றை எழுதுங்கள். நெட்வொர்க் பட்டியலை ஒரு கோப்பாகச் சேமித்து இணைக்கும் வசதியும் உண்டு. அதில் உங்கள் உள்நுழைவுக் குக்கிகள் அடங்கியிருக்கக்கூடும் என்பதால், ஆதரவுக் குழுவுக்கு நேரடியாக அனுப்புங்கள், எல்லோரும் பார்க்கும் இடத்தில் பதிவேற்ற வேண்டாம்.