ஒரு வாய் அல்வா – கடிதம்

அன்புள்ள அக்கா,

திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு ஆறு வயது. இரண்டு வருடமாக வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. எடை ஏறவே இல்லை. பூச்சி மருந்து, சத்து டானிக் என்று அலைந்து, போன மாதம் எண்டோஸ்கோபி செய்த பிறகுதான் சீலியாக் நோய் என்று சொன்னார்கள். இனி வாழ்நாள் முழுக்கக் கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் கூடாதாம். அத்தைக்கு இது புரியவில்லை. "ஒரு வாய் அல்வா தின்னா பிள்ளைக்கு என்ன ஆயிரும்?" என்று ஊட்டிவிடுகிறார்கள். பத்து வயது மகன் புரோட்டா கேட்டு அடம்பிடிக்கிறான். அவளுக்கு மட்டும் தனியாகச் சமைப்பதா, வீட்டிலேயே கோதுமையை நிறுத்துவதா? உங்கள் மகனுக்கும் இதே நோய் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டுச் சமையலில் கோதுமையை நிறுத்திவிடுங்கள். தனிச் சமையல் வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் மகனுக்கும் உங்கள் இருவருக்கும் சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். இது குடும்பத்தில் வரக்கூடிய நோய். வெளியே ஒன்றும் தெரியாமலேயே இருக்கலாம். கோதுமையை நிறுத்திச் சில மாதம் ஆகிவிட்டால், நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரலாம். நாங்கள் இந்த வரிசையை மாற்றிச் செய்து, என் மகளுக்காக மறுபடி பல வாரம் சப்பாத்தி போட்டு, பிறகு சோதிக்க வேண்டியதாயிற்று.

நம்முடையது சோற்று வீடு. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, சொதி எதிலும் கோதுமை கிடையாது. பஞ்சாபில் இருக்கும் ஒரு தாய்க்கு மூன்று வேளைச் சாப்பாடும் மாறிப்போகும். நமக்கு மாறுவது சப்பாத்தி, உப்புமா, சேமியா, பிஸ்கட், மால்ட் பானம், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற இவற்றை ஒரே நாளில் எடுத்துவிடலாம். தெரியாமல் இருப்பதுதான் பாடு படுத்தும்.

என் மகனுக்கு ஐந்து வயதில் கண்டுபிடித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் அளவு குறையவேண்டிய மாதிரி குறையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உணவு ஆலோசகர், அடுக்களையில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பெருங்காய டப்பா என் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். வருடக்கணக்காக சாம்பாரிலும் ரசத்திலும் தட்டிப் போட்டது. திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில், பிசினுக்கு அடுத்தபடியாகக் கோதுமை மாவு. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் இப்படித்தான். கட்டியும் தப்பாது. அரிசி மாவு சேர்த்தது என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பூண்டும் சீரகமும் போதும். அப்பளம், முறுக்கு, பொடி வகைகளுக்குள்ளும் இந்தப் பெருங்காயம் ஒளிந்திருக்கும்.

அப்புறம் மாவு மில். மல்லி, மிளகாய் அரைக்கும் அதே இயந்திரத்தில் நமக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருப்பார். நான் மசாலாப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் அரைத்துக்கொள்கிறேன். கேழ்வரகு, கம்பு, தினை எல்லாம் நல்லதே. ஆனால் தானியமாக வாங்கிப் புடைத்து வீட்டிலேயே அரைத்தது நல்லது. சப்பாத்தி சுட்ட தோசைக்கல்லை அவளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இவ்வளவு நுணுக்கமா என்று தோன்றும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடல்விரல்கள் மழுங்கிப்போகின்றன. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொட்டலத்தில் போட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஒரு வாய் அல்வா அதன் பக்கத்தில் மலை. கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்துக் கிண்டுவதல்லவா அது? சாப்பிட்ட அன்று வயிறு வலிக்காமல் போகலாம், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை.

அத்தையிடம் குடலைப் பற்றிப் பேசாதீர்கள், ஒரு கதை சொல்லுங்கள். வில்லெம் டிக்கே என்று ஒரு டச்சுக் குழந்தை மருத்துவர். இந்தப் பிள்ளைகளுக்குக் கோதுமைதான் ஆகவில்லை என்று போருக்கு முன்பே அவருக்குச் சந்தேகம். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம், ரொட்டி இல்லை. ஊரே மெலிந்தபோது இந்த நோயாளிப் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார். என் மாமியார் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "ரொட்டி வந்ததும் படுத்துட்டுதா பிள்ளைக?" என்று ஒரு முறைதான் கேட்டார். அதற்குப் பிறகு ஊட்டவில்லை.

ஆனால் ஆச்சி என்று இருந்தால் பேத்திக்கு எதையாவது ஊட்டாமல் முடியாது. அந்தக் கையைத் தடுத்து மட்டும் வைத்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். அதிரசம், மனோகரம், எள்ளுருண்டை, உளுந்தங்களி, எல்லாம் அவர்கள் கைக்கு வந்த பண்டங்கள். கோதுமை ஒரு துளி இல்லை. அவற்றைச் செய்துதரக் கேளுங்கள். கடைப் பண்டம் வேண்டுமென்றால் கோவில்பட்டி கடலை மிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கின்றன. தூத்துக்குடி மக்ரூன் முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரையில் செய்வது, மாவே கிடையாது. ஆனாலும் பேக்கரியில் கேட்டு வாங்குங்கள். முதலூர் மஸ்கோத் அல்வா வேண்டாம், அது மைதாப் பால்.

பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தால் மகன் புரோட்டா சாப்பிடட்டும். அப்பாவோடு கடைக்குப் போய்ச் சாப்பிட்டு, கைகழுவிவிட்டு வரட்டும். அதை ஒளிக்காதீர்கள். நாங்கள் ஒளித்தோம். ஒருநாள் காலையில் குப்பைக்கூடையில் சால்னா ஒட்டிய வாழையிலையை என் மகன் பார்த்துவிட்டான். அழவில்லை. "நான் தூங்கினப்புறமா தின்னீங்க?" என்று கேட்டான். இன்று அவனுக்குப் பதினான்கு வயது. அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

பள்ளியில் ஆசிரியையிடம் ஒரு டப்பா கடலை மிட்டாய் கொடுத்துவையுங்கள். யாருக்காவது பிறந்தநாள் கேக் வந்தால் அவள் கையிலும் ஒன்று இருக்கும். கல்யாண வீடுகளுக்கு டிபன் கேரியர்தான் நல்லது. இலை போட்டு, நம் சோற்றை அதில் பரிமாறிவிட்டால், பந்தியில் அவளும் ஒருத்தி.

மகனின் பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா