"என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்பவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். வருபவர்களில் பலர் வயதில் மூத்தவர்கள். "என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எப்படித் தொடங்கலாம்?

பதில்: சட்டப் பிரிவுகளிலிருந்து தொடங்காதீர்கள். மோசடிக் கதைகளைச் சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். பயந்துபோனவர்கள் தலையாட்டுவார்களே தவிர, வீட்டுக்குப் போய் எதையும் மாற்றமாட்டார்கள்.

எல்லோரையும் கைபேசியை எடுத்துத் தொடர்புப் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். மருத்துவர், மகளின் தோழி, பழைய அலுவலக நண்பர் என்று நூற்றுக்கணக்கானோர் அதில் இருப்பார்கள். ஏதோ ஒரு விளையாட்டுச் செயலி கேட்டதும் 'அனுமதி' என்பதைத் தொட்டால், அத்தனை பேருடைய பெயரும் எண்ணும் முன்பின் தெரியாத நிறுவனத்திடம் போய்ச் சேரக்கூடும். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நமக்கு மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்காக அதை முடிவுசெய்ய நாம் யார்? என்னைக் கேட்டால், உங்கள் பேச்சுக்கு இந்த ஒரு கேள்வியே அச்சாணி.

சான்று வேண்டுமென்றால், 2018-இல் வெடித்த, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தைச் சொல்லுங்கள். ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 2.7 லட்சம் பேர்தான். அது அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் சேர்த்து அள்ளியது; அவை கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவிடம் போய்ச் சேர்ந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 8.7 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

அடுத்து இருப்பிடம். பெயர் தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். ஆனால், ஒரு கைபேசி இரவெல்லாம் கிடக்கும் இடம் வீடு, பகலெல்லாம் இருக்கும் இடம் வேலை. இந்த இரண்டு புள்ளிகள் கிடைத்தால் ஆளைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் எளிது. எனவே கைபேசியின் அமைப்புகளில் (Settings) அனுமதிகள் பகுதிக்குப் போய், 'எப்போதும்' என்றிருப்பதை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றச் சொல்லுங்கள். வானிலைச் செயலிக்குத் தோராயமான இடம் போதும். 'துல்லியமான இருப்பிடம்' என்பதை அணைத்துவிடலாம். படம் எடுத்த இடத்தைக் கேமரா படத்துக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கலாம் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுங்கள்.

பேச்சை அரை மணி நேரத்தில் முடித்து, மீதி நேரத்தை இந்த மாற்றங்களுக்கே ஒதுக்குங்கள். எழுத்து சிறிதாக இருக்கிறது என்று கைபேசியை உங்களிடமே நீட்டுவார்கள். வாங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டுங்கள், அவர்களே அழுத்தட்டும். தாங்களே செய்தால்தான் அடுத்த செயலி கேட்கும்போது கை தயங்கும்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டேனே?" அனுமதியைத் திரும்பப் பெற்றால் இனிமேல் போவது நிற்கும், முன்பே போனது அந்த நிறுவனத்திடமே இருக்கும். சில செயலிகளின் அமைப்புகளில், பதிவேற்றிய தொடர்புகளை நீக்கத் தனி வசதி இருக்கிறது. முதலில் ஒத்திசைவை, அதாவது பட்டியல் தானாகவே பதிவேறுவதை, நிறுத்திவிட்டு அதன்பின் நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டியல் மறுபடியும் ஏறிவிடும்.