எத்தனை மணிக்குக் கடிக்கிறது? – கொசுத் தொல்லை பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழை பிடித்ததும் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: கொசுவுக்கு என்ன மருந்து அடிக்கலாம்? பூச்சியியல் களப்பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எத்தனை மணிக்குக் கடிக்கிறது?" என்பதைத்தான். பகலில் கடிக்கும் கொசு பிறக்கும் இடம் வேறு, இரவில் கடிக்கும் கொசு பிறக்கும் இடம் வேறு. அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி: இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பக்கத்தில் சாக்கடையோ குப்பையோ கிடையாது. ஆனாலும் காலை 8, 9 மணிக்கும், சாயங்காலம் 4 மணிக்கு மேலும் காலிலேயே கடிக்கிறது. எங்கிருந்துதான் வருகிறது, ஐயா?

பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளிருந்தேதான், அம்மா. நீங்கள் சொல்லும் நேரமும், கணுக்காலையே தேடிக் கடிப்பதும் ஏடிஸ் எஜிப்தி கொசுவின் அடையாளம். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வெள்ளையாக வளையம். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதுதான். இதற்குச் சாக்கடை வேண்டாம், தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். அதிக தூரம் பறக்காது, பிறந்த இடத்தைச் சுற்றி நூறு இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும்.

வீட்டுக்குள் தேடும்போது கண்ணுக்குத் தெரியும் வாளியையும் குடத்தையும் எல்லோரும் பார்த்துவிடுகிறோம். இரண்டு குழந்தைகளுக்கு அடுத்தடுத்து டெங்கு வந்த ஒரு வீட்டுக்கு நான் போயிருந்தேன். தொட்டி, டிரம், மாடி எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு புழுகூட இல்லை. கிளம்பும் நேரத்தில் ஃப்ரிட்ஜை நகர்த்தச் சொன்னேன். பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேல் தண்ணீர் சேரும் தட்டில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு தட்டு இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டிலும் முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் மணி பிளான்ட் வைத்த பாட்டில், ஏ.சி. தண்ணீர் சொட்டும் டப்பா, பூத்தொட்டியின் அடித்தட்டு, விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் பாத்ரூமின் ஃப்ளஷ் டேங்க், சன்ஷேடு மேல் கிடக்கும் பிளாஸ்டிக் கப்.

தண்ணீரைக் கொட்டுவதோடு நிறுத்தாதீர்கள். ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கிறது. அந்த முட்டை காய்ந்தாலும் சாகாது, மாதக்கணக்கில் காத்திருக்கும். மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிந்துவிடும். அதனால் உள்சுவரைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள் என்று கிழமை வைத்துக்கொண்டு செய்தால் ஒரு தலைமுறைகூடப் பறக்காது.

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி: எங்களுக்குக் குழாயில் தினமும் தண்ணீர் வராது. சிமெண்டுத் தொட்டி, மூன்று டிரம், அண்டா என்று பிடித்து வைத்தே ஆகணும். வாரத்துக்கு ஒரு தடவை காலி செய்யச் சொன்னால் எப்படி? பிளீச்சிங் பவுடர் போட்டால் புழு செத்துவிடாதா?

நியாயமான கோபம். தண்ணீர் வராத ஊரில் "தண்ணீரைச் சேமிக்காதீர்கள்" என்பது உதவாத அறிவுரை. ஏடிஸ் நம் ஊர்களில் பெருகியதற்குத் தண்ணீர்ப் பஞ்சமும் ஒரு காரணம் என்பதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். குடிதண்ணீருக்குப் போடும் அளவில் அது கிருமியைக் கொல்லும், கொசுப்புழுவைக் கொல்லாது. காலியான தொட்டியின் சுவரைத் தேய்க்க அதைப் பயன்படுத்தினால் ஒட்டியிருக்கும் முட்டை அழியும். அங்கேதான் அதற்கு வேலை. மண்ணெண்ணெயைப் புழங்கும் தண்ணீரில் ஊற்றவே கூடாது.

உங்களுக்கு நான் சொல்வது இது. எல்லாவற்றையும் ஒரே நாளில் காலி செய்ய வேண்டாம். அடுத்த முறை தண்ணீர் வருகிற நாளன்று, எது காலியாகி இருக்கிறதோ அதைத் தேய்த்துவிட்டுப் பிடியுங்கள். ஒரே பாத்திரத்தின் அடியில் பழைய தண்ணீரை வைத்துக்கொண்டு மேலே மேலே ஊற்றுவதைத்தான் நிறுத்த வேண்டும். டிரம்மை மூட, தட்டை விடத் துணி மேல். பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்து இழுத்துப் போட்டால் கொசு நுழைய இடுக்கே இருக்காது. தட்டு வைத்து மூடினால் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தே தீரும், கொசுவுக்கு அது போதும். துணி நடுவில் தொய்ந்து தண்ணீரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிமெண்டுத் தொட்டிக்கு, வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்து ஊற்றுவார்கள். "நாற்றமடிக்கிறது" என்று அவர்கள் தலை மறைந்ததும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவில் குடிதண்ணீரிலேயே சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கும் மருந்து அது. அந்தப் பணியாளர்கள் பெரும்பாலும் குறைந்த சம்பளத்துக்கு வெயிலில் அலைகிறவர்கள். அவர்களைத் திண்ணையோடு அனுப்பிவிடாமல் கொல்லைவரை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

மதுரையிலிருந்து: பகலில் ஒன்றும் இல்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் காதோரம் கூட்டமாக ரீங்காரம். தெருவில் கால்வாய் வேலைகூட முடிந்துவிட்டது.

இது கியூலெக்ஸ். அழுக்குத் தண்ணீர்க் கொசு, யானைக்கால் நோயைப் பரப்புவது. இது ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரும் என்பதால் உங்கள் வீட்டை மட்டும் சுத்தம் செய்து முழுதாகத் தப்ப முடியாது. ஆனால் ஒரு இடம் பாக்கி இருக்கிறது. மொட்டைமாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் செப்டிக் டேங்க் காற்றுக் குழாய். அதன் வாய் திறந்திருந்தால் ஒரு தெருவுக்கே போதுமான கொசு அதன் வழியாக வெளியே வரும். ஒரு கைக்குட்டை அளவு நைலான் கொசுவலையை வாயில் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். ஆகும் செலவு மிகச் சொற்பம். டேங்க் மூடியில் விரிசல் இருந்தால் சிமெண்ட் பூசுங்கள். தெருவில் உள்ள எல்லா வீட்டுக் குழாய்களுக்கும் வலை கட்டினால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். மொத்தமாக வலை வாங்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம், வலை கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பதை விட அது சுலபம்.

கோயம்புத்தூரிலிருந்து, மாடித்தோட்டம் போட்டிருக்கும் வாசகர்: சிட்ரோனெல்லா, துளசி, செண்டுமல்லி எல்லாம் வைத்திருக்கிறேன். கொசு குறையவில்லை. தாமரைத் தொட்டியும் ஒன்று உண்டு.

செடிகளை ஆசைக்கு வளருங்கள், காவலுக்கு என்று நினைக்காதீர்கள். கொசுவை விரட்டும் எண்ணெய் இலைக்குள் அடைபட்டு இருக்கிறது. கசக்கினாலோ காய்ச்சி வடித்தாலோதான் வெளியே வரும். சும்மா நிற்கும் செடி பக்கத்திலேயே கொசு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நர்சரிகளில் "கொசு விரட்டிச் செடி" என்று கூடுதல் விலைக்கு விற்பது எனக்கு வருத்தம்தான்.

செடிப் பைகளில் பெருகாது, மண் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடித்தட்டுதான் ஆபத்து. தட்டில் மணலை நிரப்பிவிடுங்கள். ஈரம் இருக்கும், தேங்காது. தாமரைத் தொட்டியில் சிறு மீன்கள் சில விட்டால் போதும். மீன் வேண்டாம் என்றால் பி.டி.ஐ. என்ற நுண்ணுயிரி மருந்து கிடைக்கிறது. 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த பாக்டீரியா வகை. கொசுப்புழு அதைத் தின்றால் குடல் சிதைந்து சாகும், மீனுக்கும் தேனீக்கும் கேடில்லை. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இந்த வகை மருந்தை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது.

தொட்டியில் தட்டான் வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். தண்ணீருக்குள் வாழும் அதன் குஞ்சு கொசுப்புழுவைத் தின்றே வளர்கிறது.

ஈரோட்டிலிருந்து: நீல விளக்குக் கருவி வாங்கலாமா? ஒலி எழுப்பி விரட்டும் கருவி?

இரண்டும் வேண்டாம். கொசுவை இழுப்பது வெளிச்சம் அல்ல, நம் மூச்சுக்காற்றும் உடல் வாடையும் சூடும். அமெரிக்காவின் டெலவேரில் 1990-களில் இத்தகைய விளக்குகளில் விழுந்த பூச்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். 13,789 பூச்சிகளில் கடிக்கும் வகை வெறும் 31. மற்றவை பெரும்பாலும் நமக்கு ஒரு கெடுதலும் செய்யாதவை. ஒலிக் கருவியைப் பற்றிய 10 கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2007-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, கடி குறைந்ததற்கு ஆதாரமே இல்லை என்றது. அந்தப் பணத்தில் ஜன்னலுக்கு வலை அடியுங்கள். ஒரு டேபிள் ஃபேனைக் காலடியில் ஓடவிட்டாலும் பலன் உண்டு, கொசு காற்றை எதிர்த்துப் பறக்கத் திணறும்.

தஞ்சாவூரிலிருந்து, நான்கு மாதக் குழந்தையின் தாய்: மாமியார் நொச்சி இலை போட்டுப் புகை போடுகிறார். நான் கொசுவர்த்திச் சுருள் வைக்கிறேன். எது நல்லது?

குழந்தை படுத்திருக்கும் அறையில் இரண்டுமே வேண்டாம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நொச்சிப் புகைக்குக் கொசு விலகுவது உண்மைதான், உங்கள் மாமியார் சொல்வதில் தவறில்லை. ஆனால் எந்தப் புகையும் பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்குப் புகைதான். அவர் அந்திநேரத்தில் மாட்டுக்கொட்டகையிலோ கொல்லையிலோ போடட்டும், கதவைச் சாத்திவிட்டு.

குழந்தைக்குக் கொசுவலைதான். பகல் தூக்கத்துக்கும் போடுங்கள், ஏடிஸ் பகலில்தானே கடிக்கிறது. தொட்டிலுக்கு மேல் வலை போட்டால் அடியில் தரைவரை இறங்காமல் தொட்டிலின் கீழேயே முடிச்சுப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கீழிருந்து கடிக்கும். கொசு விரட்டும் ஊதுபத்தி என்று பெட்டிக்கடையில் விற்பதில் பூச்சிமருந்துப் பதிவு எண் அச்சிடப்படாமல் இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: கிணற்றில் கம்பூசியா மீன் விடலாமா?

வெளியே வழி இல்லாத கிணறு என்றால் விடலாம். வளர்ந்த மீன் ஒரு நாளைக்கு 100 முதல் 300 புழுவரை தின்னும். நல்ல தண்ணீர்க் கிணறுகளில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வளரும் என்பதால் அது தேவையும்கூட. ஆனால் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். கம்பூசியா வட அமெரிக்க மீன். நம் ஊர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று குளத்தையே பிடித்துக்கொள்ளும். கப்பியும் வெளிநாட்டு மீன்தான், அதையும் குளத்தில் விடாதீர்கள். குளத்துக்கு நம்முடைய மீனே இருக்கிறது: நீர்மட்டத்தோடு ஒட்டி நீந்தும், தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மின்னும் சிறு மீன். அதற்கும் கொசுப்புழுதான் இரை.

உங்கள் மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். பால் எடுக்காத மழை நாள்களில் மரத்தில் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். நூறு மரம் என்றால் நூறு கொசுத்தொட்டி.

திருவள்ளூரிலிருந்து: வீட்டில் ஒருவருக்கு டெங்கு. புகை மருந்து வண்டி வந்துவிட்டுப் போனது. இனிப் பயமில்லையே?

புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தொட்டியில் இருக்கும் புழு நாளைக்குக் கொசுவாகிவிடும். அதோடு, வண்டி வரும்போது நாம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். ஏடிஸோ கட்டிலடியிலும், திரைச்சீலைக்குப் பின்னாலும், கொடியில் தொங்கும் கறுப்பு உடைகளிலும் உட்கார்ந்திருக்கிறது. உணவையும் தண்ணீரையும் மூடி, குழந்தைகளையும் மூச்சுத்திணறல் உள்ளவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முக்கியமானது நோயாளிதான். காய்ச்சல் இருக்கும் நாள்களில் அவரைக் கடிக்கும் கொசு, ஏறக்குறைய 8 முதல் 12 நாள் கழித்து மற்றவர்களுக்கு டெங்கு கொடுக்கும் நிலைக்கு வந்துவிடும். அதனால் அவரைப் பகலிலும் வலைக்குள்ளேயே படுக்க வையுங்கள். அவருக்காக அல்ல, மற்றவர்களுக்காக. இன்றே தொட்டிகளையும் தேய்த்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து: பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் என்னை மட்டும் கடிக்கிறதே?

தோலின் வாடை ஆளுக்கு ஆள் மாறும், அதில் கொசுவுக்குப் பிடித்த வாடை உண்டு. கர்ப்பிணிகளையும் கூடுதலாகத் தேடி வரும். வெளிர் நிற முழுக்கை உடை போடுங்கள், காலில் விரட்டிக் களிம்பு தடவுங்கள்.

காரைக்குடியிலிருந்து: பாட்டி காலத்து ஆட்டுக்கல் முற்றத்தில் கிடக்கிறது. மழையில் நிரம்பிவிடுகிறது. எடுத்துப் போட மனசு வரவில்லை, கவிழ்க்கவும் முடியாது.

எடுத்துப் போட வேண்டாம். இறைத்துவிட்டுக் குழியைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேயுங்கள். காய்ந்ததும் விளிம்புவரை ஆற்றுமணலைக் கெட்டியாக அடைத்துவிடுங்கள். மேலே நடுவில் சற்று மேடாக இருக்கட்டும், மழைத் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். அதில் பத்துமணிப் பூச்செடி நன்றாகப் பிடிக்கும், எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லில் நான்கு வருடமாகப் பூக்கிறது.